ஊசி ஒன்றுதான், கேட்ட கேள்விகள் மூன்று

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். 2021 ஏப்ரலில் அவரும் அவருடைய அண்ணனும் ஒரே முகாமில், ஒரே நாளில், முன்னும் பின்னுமாக உட்கார்ந்து கோவிஷீல்டு போட்டுக்கொண்டார்கள். ஜூலையில் இரண்டாவது ஊசியும் அப்படியே. அண்ணன் ஆகஸ்டு கடைசியில் பாரிசுக்குப் போய் மகன் வீட்டில் இறங்கிவிட்டார். இந்த அம்மாவுக்கு லண்டனில் மகள் பிரசவம், அக்டோபர் முதல் வாரம். டிக்கெட் போட்டு, பிரசவ லேகியம் வரைக்கும் கட்டி வைத்து, கடைசியில் போகவில்லை. "ஊசி ஒன்றுதானே, அவரை விட்டார்கள், என்னை ஏன் நிறுத்தினார்கள்? இப்போது சின்ன மகன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறான். அந்தக் கோவின் சான்றிதழ் இன்னும் வேண்டுமா?" இதுதான் கேள்வி. (கோவின் என்பது ஊசிப் பதிவுக்கும் சான்றிதழுக்கும் நம் அரசு வைத்த இணையதளம்.)

நான் புதுச்சேரியில் டிக்கெட், விசா வேலை பார்க்கிறவன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. டாக்டர் இல்லை. ஊசி உடம்புக்குள் போய் என்ன செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஊசியைப் பற்றிய காகிதம் விமான நிலையத்தில் என்ன பாடுபட்டது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கேள்வியும் அந்தக் காகிதத்தைப் பற்றியதுதான்.

அம்மா, ஊசி ஒன்றுதான். ஆனால் எந்த நாட்டு எல்லையிலும் கேட்டது ஒரு கேள்வி இல்லை, மூன்று. எந்த நாட்டிலிருந்து வருகிறாய்? எந்த ஊசி போட்டாய்? போட்டதாகச் சொல்லும் இந்தக் காகிதம் யார் கொடுத்தது? மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல், தனித்தனித் தேதி. உங்கள் அண்ணன் மூன்றையும் தாண்டினார். நீங்கள் மூன்றாவதில் மாட்டினீர்கள், அதுவும் ஒன்றிரண்டு வாரத்தில் தவறவிட்டீர்கள். கேட்கவே வயிற்றெரிச்சலாக இருக்கும், தெரியும்.

முதல் கேள்வியைப் பார்ப்போம். 2021 ஏப்ரல் கடைசியில், இங்கே இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தபோது, பத்து நாளுக்குள் உலகம் நமக்குக் கதவைச் சாத்தியது. பிரிட்டன் ஏப்ரல் 23-ல் இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. கனடா அதற்கு முந்தின நாளே நேரடி விமானங்களை நிறுத்தியது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் அதே வாரம். மே 4 முதல் அமெரிக்கா. ஆஸ்திரேலியா ஒருபடி மேலே போய், இந்தியாவிலிருந்து வரும் தன் சொந்தக் குடிமக்களையே மே 15 வரை தடுத்தது; மீறினால் சிறை என்று அறிவித்தது. இதில் எதிலும் ஊசி போட்டவரா போடாதவரா என்ற பேச்சே இல்லை. அப்போது ஊர் பெயர்தான் குற்றம்.

பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருந்தால் அங்கே வசிக்கும் உரிமை உள்ளவர்கள் மட்டுமே போகலாம். அவர்களும் அரசு சொன்ன ஹோட்டலில் பத்து நாள் அடைபட்டுக் கிடக்க வேண்டும். ஓர் ஆளுக்கு 1,750 பவுண்டு. ஆகஸ்டு 12 முதல் அது 2,285 ஆனது. ஆகஸ்டு 8-ல் இந்தியா மஞ்சள் பட்டியலுக்கு மாறியது. ஆக, நீங்கள் டிக்கெட் போட்ட நேரத்தில் இந்த முதல் பூட்டு திறந்துவிட்டது. ஹோட்டல் பயம் உங்களுக்குத் தேவையில்லாத பயம். அது அப்போது யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, எந்த ஊசி. இங்கேதான் கோவிஷீல்டு போட்டவர்களுக்கு முதல் அதிர்ச்சி. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல் தன் டிஜிட்டல் கோவிட் சான்றிதழைக் கொண்டுவந்தது. அதில் ஆஸ்ட்ராசெனகா ஊசி உண்டு, 'வாக்ஸ்செவ்ரியா' என்ற பெயரில். ஆனால் அதே ஆக்ஸ்போர்டு ஊசியைப் புனேயில் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்து கோவிஷீல்டு என்று பெயர் வைத்தால் அது பட்டியலில் இல்லை. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் "இது நிறவெறி" என்று கொதித்தார்கள். எனக்கும் கோபம்தான். ஆனால் விஷயம் வேறு. தலைவலி மாத்திரை போல ரசாயனச் சரக்கு இல்லை இது. உயிருள்ள செல்களை வளர்த்து எடுக்கிற மருந்து. அதனால் ஐரோப்பிய மருந்து முகமை மருந்துக்கு மட்டும் அனுமதி தருவதில்லை, அது எந்தத் தொழிற்சாலையில் எந்த முறையில் தயாராகிறது என்பதையும் சேர்த்துத்தான் தருகிறது. புனே தொழிற்சாலையின் கோவிஷீல்டுக்கு அந்த அனுமதி இல்லை. கோவிஷீல்டு பெரும்பாலும் நம் ஊருக்கும் ஏழை நாடுகளுக்கும் என்று தயாரானது. ஐரோப்பியச் சந்தையில் அதை யாரும் விற்கப் போவதாக இல்லை, அதனால் முன்கூட்டியே யாரும் அதற்கு விண்ணப்பிக்கவும் இல்லை. ஒரே மாவு, ஆனால் எந்தக் கடை லைசென்சில் சுட்டது என்று கேட்கிற கதை.

நல்லவேளை, ஒன்றியம் சொல்வதைத் தாண்டித் தனித்தனி நாடுகள் தம் எல்லையில் முடிவெடுக்கலாம் என்று இருந்தது. ஜெர்மனி, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து எல்லாம் ஜூலை தொடக்கத்திலேயே கோவிஷீல்டை ஏற்றன. பிரான்ஸ் ஜூலை 18-ல். புதுச்சேரியில் அந்தச் செய்தி எப்படிப் பரவியது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. இங்கே தெருவுக்கு இரண்டு வீடாவது பிரெஞ்சு பாஸ்போர்ட் வீடு. சொல்தா (பிரெஞ்சு ராணுவ) பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், பாரிஸ் புறநகரில் பேரன் பேத்தி. ஒன்றரை வருடம் பேரப்பிள்ளையை வாட்ஸ்அப்பில் மட்டும் பார்த்தவர்கள். அன்று காலை பத்து மணிக்குள் என் கடை வாசலில் ஆறு பேர். உங்கள் அண்ணன் அந்த அலையில் போனவர்தான்.

ஆனால் அண்ணனும் நிம்மதியாகப் போயிருக்க மாட்டார், கேட்டுப் பாருங்கள். ஆகஸ்டு 9 முதல் பிரான்சில் காபிக் கடை, ஓட்டல், தூர ரயில் எல்லாவற்றுக்கும் 'பாஸ் சானித்தேர்', அதாவது சுகாதார பாஸ், கேட்டார்கள். எல்லையில் நம் சான்றிதழைப் பார்த்து விட்டுவிடுவார்கள். காபிக் கடைப் பையன் போனை நீட்டி க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் கருவி சிவப்பு காட்டும். ஏனென்றால் கோவின் கோடு ஒரு முறையில் எழுதப்பட்டது, ஐரோப்பியக் கோடு வேறு முறை. ஒன்றின் பாஷை மற்றதற்குத் தெரியாது. இங்கிருந்து போன ஒரு பெரியவர் போன் செய்து, "நாட்டுக்குள்ள விட்டுட்டாங்கப்பா, காபி மட்டும் தரமாட்டேங்கிறாங்க" என்றார். பின்னால் பிரெஞ்சு பார்மசிகளே வெளிநாட்டுச் சான்றிதழைத் தங்கள் கோடாக மாற்றிக் கொடுத்தன, 36 யூரோ வரை வாங்கிக்கொண்டு. அதுவரை பிள்ளைகள் வாங்கி வந்து வீட்டில் போட்ட காபிதான்.

கோவாக்சின் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். இந்தியாவில் இரண்டு ஊசிக்கும் ஒரே நாளில், 2021 ஜனவரி 3-ல் அனுமதி. உலக சுகாதார நிறுவனத்தின் அவசரப் பட்டியலில் கோவிஷீல்டு பிப்ரவரி 15-லேயே ஏறிவிட்டது. கோவாக்சின் ஏறியது நவம்பர் 3-ல். இடையில் எட்டரை மாதம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியல் பயணத்துக்காகப் போட்டதே இல்லை. ஐ.நா. அமைப்புகள் ஏழை நாடுகளுக்கு எந்த ஊசியை வாங்கி அனுப்பலாம் என்று முடிவு செய்யப் போட்டது. உலக சுகாதார நிறுவனமே 2021 பிப்ரவரியில், வெளிநாட்டுப் பயணத்துக்கு ஊசிச் சான்று கேட்காதீர்கள், ஊசி எல்லோருக்கும் கிடைக்கவில்லை, பரவலைத் தடுக்குமா என்பதும் தெரியவில்லை என்று சொன்னது. யாரும் கேட்கவில்லை. அதன் பட்டியலை மட்டும் எடுத்து எல்லையில் ஒட்டிக்கொண்டார்கள். கண்ணூர்ப் பக்கம் சவுதியில் வேலை பார்த்த ஒருவர், கோவாக்சின் இரண்டும் போட்ட பிறகு கோவிஷீல்டும் போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் வரை போனார். பிழைப்பு அப்படி.

வளைகுடாவைப் பற்றிச் சொல்லாமல் கடலூர் மாவட்டத்துக்கு எழுதும் பதில் முடியாது. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம், எந்தத் தெருவிலும் இக்காமாவோ (சவுதியில் தங்கும் அனுமதி அட்டை) எமிரேட்ஸ் ஐ.டி.யோ இல்லாத வீடு குறைவு. லீவில் வந்தவர்கள் ஏப்ரலில் மாட்டிக்கொண்டார்கள். சவுதி 2021 பிப்ரவரி தொடக்கத்திலேயே இந்தியா உட்பட இருபது நாடுகளுக்குத் தடை போட்டிருந்தது. ஆகஸ்டு 24-ல் கொஞ்சம் திறந்தபோதும் நிபந்தனை, இரண்டு ஊசியும் சவுதிக்குள்ளேயே போட்டிருக்க வேண்டும். இங்கே போட்ட கோவிஷீல்டை அவர்கள் ஆஸ்ட்ராசெனகா என்றே ஏற்றுக்கொண்டார்கள், ஆனாலும் நேராக வர முடியாது. மாலத்தீவிலோ வேறு நாட்டிலோ பதினான்கு நாள் தங்கிவிட்டு வா என்றார்கள். மூன்று மாதச் சம்பளத்தை ஹோட்டலில் கொட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. ஒன்று சொல்ல வேண்டும், மாட்டிக்கொண்டவர்களின் இக்காமாவையும் திரும்பி வருவதற்கான ரீ-என்ட்ரி விசாவையும் கட்டணமில்லாமல் பல தடவை நீட்டித்தது சவுதி. நேரடியாக வரலாம் என்றது டிசம்பர் 1-ல்தான்.

துபாய் கதை வேறு மாதிரி. அங்கே ஊசியைவிட ஸ்வாப்தான் ராஜா. கிளம்புவதற்கு 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர்., க்யூ.ஆர். கோடோடு. அது போதாது என்று விமான நிலையத்திலேயே, விமானம் கிளம்புவதற்கு முந்தின நான்கு மணி நேரத்துக்குள் (பிறகு அதை ஆறு மணி நேரமாக மாற்றினார்கள்) இன்னொரு ரேபிட் பி.சி.ஆர். 48 மணி நேரம் என்பது ரிப்போர்ட் வந்த நேரத்திலிருந்து இல்லை, மூக்கில் குச்சி விட்ட நேரத்திலிருந்து. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! கடலூரில் சாம்பிள் கொடுத்து, மறுநாள் சாயந்திரம் ரிப்போர்ட் வந்து, ராத்திரி கார் பிடித்து மீனம்பாக்கம் போனால், கையில் மிச்சம் இருப்பது அரை நாள். லால்பேட்டைத் தம்பி ஒருவர் எல்லாம் சரியாகச் செய்து, ஏர்போர்ட் ரேபிட் டெஸ்டில் பாசிட்டிவ் வந்து, பெட்டியோடு திரும்பினார். காய்ச்சல் இல்லை, தும்மல் இல்லை. வரும் வழியில் மரக்காணத்தில் இறங்கி டீ குடிக்கக்கூடப் பயந்து, காரிலேயே உட்கார்ந்திருந்தாராம். அவருக்கு வேலை போகவில்லை, அதுவரை சந்தோஷம். அந்த ரேபிட் டெஸ்டை 2022 பிப்ரவரியில்தான் எடுத்தார்கள்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன், மூன்றாவது கேள்வி. யார் கொடுத்த காகிதம்?

2021 செப்டம்பரில் பிரிட்டன் புது விதிகளை அறிவித்தது, அக்டோபர் 4 முதல் அமல். சிவப்பு தவிர மற்ற நாடுகளிலிருந்து முழுமையாக ஊசி போட்டவர்கள் வந்தால் தனிமை இல்லை. ஆனால் எந்த நாட்டு அரசு கொடுத்த சான்றிதழை நம்பலாம் என்று தனியாக ஒரு பட்டியல். அதில் இந்தியா இல்லை. சத்தம் எழுந்தது. செப்டம்பர் 22-ல் கோவிஷீல்டு என்ற பெயரைச் சேர்த்தார்கள், நாட்டின் பெயரைச் சேர்க்கவில்லை. "உங்கள் ஊசி எங்களுக்குச் சம்மதம், உங்கள் சான்றிதழ் சம்மதமில்லை" என்பதுதான் அதன் அர்த்தம். அதாவது அண்ணனும் நீங்களும் போட்ட அதே ஊசியோடு லண்டன் போனால், ஊசியே போடாதவர் கணக்கு. பத்து நாள் வீட்டுத் தனிமை, இரண்டாம் நாளும் எட்டாம் நாளும் டெஸ்ட். மகள் வீட்டிலேயே இருந்திருக்கலாம்தான், ஆனால் ஆஸ்பத்திரிக்கு அவளோடு போயிருக்க முடியாது. அதற்காகத்தானே போவது.

சான்றிதழில் என்ன குறை? நிறையப் பேர் அரசியல் என்றார்கள். கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரிந்த ஒரு குறை இருந்தது. நம் கோவின் சான்றிதழில் பிறந்த தேதி இல்லை, வயது மட்டும்தான். பாஸ்போர்ட்டில் தேதி, மாதம், வருடம் மூன்றும் இருக்க, இதில் 'வயது 58' என்று இருந்தால் இரண்டையும் எப்படிப் பொருத்துவது? செப்டம்பர் கடைசியில் வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் முழுப் பிறந்த தேதியோடு சான்றிதழ் தர கோவினில் வசதி செய்தார்கள். இந்தியாவும் சும்மா இல்லை, அக்டோபர் 4 முதல் பிரிட்டன்காரர்களுக்குப் பதிலுக்குப் பத்து நாள் தனிமை போட்டது. ஒரே வாரம். அக்டோபர் 11 முதல் இந்தியச் சான்றிதழ் செல்லும் என்றது பிரிட்டன். நம் அரசும் தன் விதியைத் திரும்பப் பெற்றது. நீங்கள் ரத்து செய்யாமல் தேதியை ஒரு வாரம் தள்ளியிருந்தால் தனிமை இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் பிரசவம் தள்ளிக்கொள்ளாதே. அந்த நேரத்தில் என்னிடம் வந்திருந்தாலும் ரத்து செய்யச் சொல்லித்தான் இருப்பேன். அடுத்த வாரம் மாறும் என்று எவனுக்குத் தெரியும்?

இந்த மூன்றாவது பூட்டில் மாட்டியவர்கள்தான் என் அனுபவத்தில் மிக அதிகம், அதற்குப் பிரிட்டன் காரணமில்லை. நம்முடைய இனிஷியல்தான் காரணம்.

ஓர் உதாரணம். நெல்லிக்குப்பத்துப் பையன், ஜெர்மனியில் எம்.எஸ். கிடைத்திருக்கிறது. ஆதாரில் ஆர். கார்த்திக். பாஸ்போர்ட்டில் பெயர் கார்த்திக், குடும்பப்பெயர் கட்டத்தில் அப்பா பெயர் ராமலிங்கம். பஞ்சாயத்துப் பள்ளிக்கூட முகாமில் ஆதாரைக் காட்டி ஊசி போட்டான். சான்றிதழில் வந்தது 'கார்த்திக் ஆர்'. வெள்ளைக்காரன் கண்ணுக்கு ஆர் என்பது ஒரு குடும்பப்பெயர். மூன்று காகிதத்தில் மூன்று ஆள். 2021 ஜூன் மாதம் கோவினில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கும் வசதி வந்தது. ஆனால் பெயரை ஒரே ஒரு தடவைதான் திருத்த விடும். இந்தப் பையன் அதற்குள் வீட்டில் உட்கார்ந்து அவசரத்தில் 'ராமலிங்கம் ஆர் கார்த்திக்' என்று மாற்றிவிட்டு வந்து நின்றான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஹெல்ப்லைனுக்கு எத்தனை போன், சுகாதார அலுவலகத்துக்கு எத்தனை நடை! கடைசியில் பாஸ்போர்ட் எண் சான்றிதழில் ஏறிவிட்டதால் பிழைத்தான். எண் பொருந்தினால் பெயரில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் விட்டுவிட்டார்கள்.

அவனுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோவிஷீல்டின் இரண்டு ஊசிக்கு இடைவெளி முதலில் நான்கிலிருந்து ஆறு வாரம், மார்ச் 22-ல் ஆறிலிருந்து எட்டு, மே 13-ல் பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரம் என்று மாறியது. மருந்தின் பலன் இடைவெளி விட்டால் கூடுகிறது என்பது ஒரு காரணம். ஊசி பற்றாக்குறை இல்லையென்று யாரும் நம்பவில்லை. ஜூன் முதல் வாரம் முதல் ஊசி போட்ட மாணவன் 84 நாள் காத்திருந்தால் விமானமே போய்விடும். அதற்காக ஜூன் 7-ல் மத்திய அரசு விதிவிலக்கு தந்தது: படிக்க, வேலைக்கு, டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போகிறவர்கள் 28 நாள் கழித்தே இரண்டாவது ஊசி போடலாம், பாஸ்போர்ட்டை அடையாள அட்டையாகக் காட்ட வேண்டும். இது ஆகஸ்டு வரைக்கும் போகிறவர்களுக்கு. நல்ல உத்தரவு. ஆனால் முகாமில் உட்கார்ந்திருந்த நர்சம்மாவுக்கு அது தெரிய வேண்டுமே! உத்தரவை நான் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தனுப்பினேன். ஆபீஸ் முத்திரை இல்லாத காகிதம்தான், ஆனாலும் வேலை செய்தது.

இன்னொரு வகைக் கோளாறு. முதல் ஊசிக்கு மகன் போன் நம்பர், இரண்டாவது ஊசிக்கு பக்கத்து வீட்டுப் பிள்ளை போன் நம்பர். கோவினுக்கு அது இரண்டு வேறு ஆள். ஆக, பாட்டி கையில் இரண்டு சான்றிதழ், இரண்டிலும் 'முதல் டோஸ்'. முழுமையாக ஊசி போட்ட பாட்டி, கணினியில் பாதி பாதியாக இரண்டு பாட்டி. இதை ஒன்றாக இணைக்கிற வசதி பின்னால் வந்தது. ஊசி போட்ட ஊழியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கையில் சிரிஞ்சு, ஒரு கையில் டேப்லெட், வெளியே ஐந்நூறு பேர் வரிசை. ஒரு போன் நம்பரில் நான்கு பேர்தான் பதியலாம் என்று விதி (2022 ஜனவரியில்தான் ஆறு ஆனது). கூட்டுக்குடும்பத்தில் யார் போன் யாருக்கு ஓடுமோ!

இதில் ஒரு சின்ன வேடிக்கை. 2021 ஏப்ரல் 6-ல் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சட்டமன்றத் தேர்தல். நடத்தை விதியால் அந்த நாட்களில் இங்கே கொடுத்த சான்றிதழில் பிரதமர் படம் இல்லை. படம் இல்லாத முதல் சான்றிதழையும் படம் உள்ள இரண்டாவதையும் கையில் பிடித்துக்கொண்டு, "எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்?" என்று கேட்டு வந்தார் ஒருவர்.

2022-ல் நான்காவதாக ஒரு கேள்வி முளைத்தது. எப்போது போட்டாய்? ஐரோப்பிய ஒன்றியம் பிப்ரவரி 1 முதல், இரண்டாவது ஊசி போட்டு 270 நாள் தாண்டினால் பூஸ்டர் இல்லாமல் சான்றிதழ் செல்லாது என்றது. இங்கே என்ன நிலைமை? ஜனவரி 10 முதல் முன்னெச்சரிக்கை ஊசி (பூஸ்டருக்கு இங்கே வைத்த பெயர்), ஆனால் சுகாதார, முன்களப் பணியாளர்களுக்கும் இணைநோய் உள்ள அறுபது தாண்டியவர்களுக்கும் மட்டும், அதுவும் ஒன்பது மாதம் கழித்து. நாற்பது வயதுக்காரருக்கு அங்கே பூஸ்டர் கட்டாயம், இங்கே பூஸ்டர் கிடையாது. ஏப்ரல் 10-ல்தான் பதினெட்டு தாண்டிய எல்லோருக்கும் தனியார் மையங்களில் திறந்தார்கள், 225 ரூபாய், மேலே சர்வீஸ் சார்ஜ் 150 வரை. மே 12-ல் வெளிநாடு போகிறவர்கள் மட்டும் போகிற நாட்டின் விதிப்படி ஒன்பது மாதத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அந்த இரண்டு மாதம், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, நான் டிக்கெட் விற்றதைவிட மன்னிப்புக் கேட்டதுதான் அதிகம்.

இந்த விதிகளால் பலன் இருந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. தொடக்கத்தில், வைரசின் புது ரகம் வந்து சேர்வதைச் சில வாரம் தள்ளிப்போட எல்லை அடைப்பு உதவியிருக்கலாம். ஆஸ்பத்திரிகளுக்கு மூச்சு விட நேரம். அதை நான் மறுக்கவில்லை. என் ஆதங்கம் விதி போட்டதில் இல்லை, காரணம் போன பிறகும் விதி இருந்ததில். ஒமிக்ரான் 2021 நவம்பர் கடைசியில் வந்தது. ஊசி போட்டவருக்கும் தொற்றும், அவரும் பரப்புவார் என்பது அடுத்த சில வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. கடுமையான நோயிலிருந்து ஊசி காத்தது, நிச்சயமாக. ஆனால் எல்லையில் சான்றிதழ் கேட்பதற்கான நியாயம் அது இல்லையே. அமெரிக்கா 2022 ஜூன் 12-ல் டெஸ்டை விட்டது. ஊசிச் சான்று கேட்பதைக் கைவிட 2023 மே வரை ஆனது. டென்னிஸ் ஜோகோவிச் ஊசி போடாததால் 2022 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார், அந்த வருடம் அமெரிக்க ஓப்பனும் ஆடவில்லை. அவர் கதை எல்லாப் பேப்பரிலும் வந்தது. பண்ருட்டியில் பலாப்பழ வியாபாரி மகளைப் பார்க்க நியூஜெர்சி போக முடியாமல் இருந்தது எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

பிரிட்டன் 2022 மார்ச் 18-லும் பிரான்ஸ் ஆகஸ்டு 1-லும் எல்லா விதியையும் எடுத்தன. இந்தியாவுக்கு வருகிறவர்கள் நிரப்ப வேண்டியிருந்த நம் ஏர் சுவிதா படிவம் நவம்பரில் போனது.

ஊசிச் சான்று கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்க வேண்டாம். வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்த ஒருவருடைய மகன் போன வருடம் அப்பாவின் பழைய பெட்டியிலிருந்து ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவந்து காட்டினார். பெரியம்மை, காலரா, ஒவ்வொரு ஊசிக்கும் முத்திரை, தேதி, டாக்டர் கையெழுத்து. அந்தக் காலத்தில் அது இல்லாமல் கப்பல் ஏற முடியாது. காலராச் சான்று 1973-ல் சர்வதேச விதியிலிருந்து போனது. பெரியம்மை 1980-ல் உலகத்திலிருந்தே போனது. மஞ்சள் காய்ச்சல் மட்டும் இன்றும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்குப் போனால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரித்த மையத்தில் போட்டு அந்த மஞ்சள் புத்தகம் வாங்க வேண்டும். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும், 2016 முதல் ஆயுளுக்கும் ஒன்று போதும். இந்தப் புத்தகத்தால் என் கடையில் யாரும் அழுததில்லை. உலகம் முழுக்க ஒரே படிவம், ஒரே விதி. கோவிட் நேரத்தில் இல்லாமல் போனது அதுதான்.

இப்போது மகன் விஷயம். அமெரிக்காவில் நுழைய கோவிட் சான்றிதழ் 2023 மே 12 முதல் தேவையில்லை. கோவின் பி.டி.எஃப். இருந்தால் மெயிலில் போட்டு வையுங்கள், அழிக்க வேண்டாம். ஆனால் அதற்காக அலையத் தேவையில்லை.

அலைய வேண்டியது வேறொன்றுக்கு. விசா வந்த பிறகு கல்லூரியிலிருந்து ஊசிப் படிவம் ஒன்று வரும். பெரும்பாலான கல்லூரிகள் எம்.எம்.ஆர். இரண்டு டோஸ் கேட்கும்: தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா. உங்கள் மகன் 2017 பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் ஒரு ஊசி போட்டிருப்பார்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பதினைந்து வயதுக்குக் கீழே எல்லோருக்கும் போட்ட முகாம் அது. "அதுதான் போட்டாச்சே" என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அது எம்.ஆர்., பொன்னுக்கு வீங்கி அதில் கிடையாது. கல்லூரி நர்ஸ் ஒரே பார்வையில் அந்த எழுத்துக் குறைவதைப் பிடித்துவிடுவார். சின்ன வயதில் தனியார் டாக்டரிடம் எம்.எம்.ஆர். போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடுங்கள். அட்டை இல்லையென்றால் இப்போது புதிதாக இரண்டு டோஸ், நடுவில் குறைந்தது 28 நாள். ஆகவே கிளம்பும் மாதத்தில் ஆரம்பித்தால் ஆகாது, இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டும் டெஸ்ட் ரிப்போர்ட்டைச் சில கல்லூரிகள் ஏற்கும். படிவத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். சில இடத்தில் மூளைக்காய்ச்சல் ஊசி, காசநோய் டெஸ்டும் கேட்பார்கள்.

டாக்டர் எழுதித் தருகிற கடிதத்தில் தேதியில் மாதத்தை எண்ணாக எழுத வேண்டாம், எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். அங்கே மாதம் முதலில், நாள் பின்னால். மகன் பெயரைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்படியே எழுதச் சொல்லுங்கள். நம் டாக்டர்கள் பழக்கத்தில் முன்னால் ஓர் இனிஷியல் போட்டுவிடுவார்கள். கையெழுத்துக்கு முன்பே பக்கத்தில் நின்று பாருங்கள்.